ஈசானி மூலையைச் சுற்றிய குழாய்

1940-களில் கட்டிய எங்கள் அன்னவாசல் வீட்டின் நிலவறையில் புதிதாகக் குளியலறை கட்டினோம். இன்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.

வீட்டுக் கழிவும் சேரும் குழாயில் இறங்கிய தண்ணீர் அந்தக் கழிவோடு திரும்பி வந்து, தவழ்ந்துகொண்டிருந்த மகளின் கையை நனைத்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"குழாய்க்கு வாட்டம் பத்தலைங்க, சரிவு கம்மி" என்றார் கொத்தனார். "கழிவுத் தொட்டி மேற்கால இருக்கு. ஐயாதான் குழாய வடகிழக்கால, ஈசானி மூலையச் சுத்திக் கொண்டாரச் சொன்னாங்க."

மாமனார் அசையவில்லை. "வாஸ்துப்படி தண்ணி ஈசானியப் பாத்துத்தான் ஓடணும் ஆத்தா. புள்ளைக்கு நல்லது."

"அந்தப் புள்ளதான் மாமா இப்ப சாக்கடையில கை வச்சுச்சு." மகளின் கையை அவர் முன் நீட்டினேன்.

அவர் பேத்தியின் கையையே பார்த்தார். பிறகு கொத்தனாரிடம், "ஒடைங்க. நேரா மேற்கால போடுங்க" என்றார்.

மாலைக்குள் மாற்றியாயிற்று. தண்ணீர் ஒழுங்காகப் போகிறது.

ஆனால் பிள்ளை தும்மினால் மாமா என்னைப் பார்க்கிறார். நான் ஈசானி மூலையைப் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் எப்படி?