துர்க்கைக்காக வாசலில் நின்றேன்

மெஸ் சுவரில் ஒட்டுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கலாம்.

இன்று தசமி. கல்கத்தா வந்த பிறகு எனக்கு முதல் பூஜை. ஆபீஸ் கோஷ் பாபு வீட்டு துர்க்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு கங்கைப் பக்கம் போனார்கள். நம்மூர் சாமி மாதிரி வீதி சுற்றிவிட்டுத் திரும்புவாள் என்று, கற்பூரம் வைத்த ஆரத்தித் தட்டோடு அவர் வீட்டு வாசலிலேயே நின்றேன்.

கோஷ் பாபு மட்டும் ஈர வேஷ்டியோடு திரும்பி வந்தார்.

"யாருக்காக நிக்கறீங்க?"

"அம்மனுக்குத்தான். எங்கே?"

"கங்கையில விட்டாச்சே!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உற்சவம்னீங்களே? சாமி கிளம்பிப் போய் வீடு திரும்பினாத்தானே அது உற்சவம்?"

மனிதர் சமஸ்கிருதம் படித்தவர். "அந்த வார்த்தையில திரும்பறதுன்னு எதுவும் இல்லையே. 'உத்'னா மேலே. மேலே பொங்கி எழறதுதான் உத்சவம்."

"அப்புறம் ஏன் தண்ணிக்குள்ள அமுக்கினீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "அடுத்த வருஷம் மேலே வருவா" என்று சொல்லி, என் வாயில் சந்தேஷ் என்ற பால் இனிப்பு ஒன்றைத் திணித்தார்.

தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்: மிளகு போட்டு டப்பாவில் மூடி வைத்தால், ஏற்றாத அந்தக் கற்பூரம் ஒரு வருஷம் தாங்குமா?