இருபத்தோரு ரூபாய் யாரிடமும் இல்லை

என் மனைவி காலமான பிறகு நான் மனம் விட்டுப் பேசியது ஒரே ஒருவரிடம்தான். எழுபதுகளின் கடைசி அது. திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நான் புள்ளிவிவரப் பிரிவு, அவர் பொருளாதாரப் பிரிவு. எனக்கு வீடு கரமனையில், அவருக்கு ஸ்ரீவராகத்தில். ஆபீசில் மற்ற எல்லோரிடமும் மலையாளம். மத்தியானம் கேன்டீனின் கடைசி மேஜையில் எங்கள் இருவருக்கும் தமிழ். நாற்பத்தைந்து நிமிஷம். அது முடிந்தால் மறுநாள் மத்தியானம் வரை எனக்கு யாரும் இல்லை. வீட்டில் ரேடியோ இருந்தது. அது கேட்டதற்குப் பதில் சொல்லாது.

நான் எதையும் எண்ணிப் பார்ப்பவன். சாம்பாரில் நேற்று மூன்று முருங்கைத் துண்டு, இன்று இரண்டு என்று சொல்லிவிடுவேன். "ஓய், நீர் டிரான்ஸ்போர்ட் பஸ்ஸிலே கண்டக்டரா போயிருக்கணும். கவர்மென்ட்டுக்கு லாபமாக்கும்" என்பார் நண்பர். அவருடைய கேலிக்காகவே சில சமயம் சத்தமாக எண்ணியிருக்கிறேன்.

அந்த வருஷம் நிலையத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் டெர்மினல் வந்தது. டைப்ரைட்டர் போலத் தடதடவென்று காகிதத்தில் அடிக்கும். அதில் ஏபிஎல் என்று ஒரு மொழி ஓடியது. மற்ற மொழிகளில் எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வேலை வாங்க வேண்டும். இதில் ஐம்பது எண்களை ஒரே வரிசையாக நிறுத்தி, வரிசைக்கே கட்டளை கொடுக்கலாம். ஒரு பக்கம் எழுத வேண்டியது ஒரு வரியில் முடிந்துவிடும். அம்பு, வட்டம், கவிழ்த்த பானை என்று குறிகளால் ஆன மொழி. நண்பர் அதில் சொக்கிப்போனார்.

அவர் யோசித்திருந்த சோதனை எளிமையானது. ஐம்பது பேர், ஆளுக்கு இருபது ரூபாய். ஒவ்வொரு சுற்றிலும், கையில் காசு உள்ள ஒவ்வொருவனும் கண்ணை மூடிக்கொண்டு யாரோ ஒருவனுக்கு ஒரு ரூபாய் கொடுக்க வேண்டும். திறமை இல்லை, ஏமாற்று இல்லை. வெறும் அதிர்ஷ்டம். கடைசியில் யாரிடம் எவ்வளவு இருக்கும்? இதை வெள்ளிக்கிழமை செமினாரில் காட்டப்போகிறார். வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் நண்பருக்கு அங்கே ஃபெல்லோஷிப், குடும்பத்தோடு போகலாம். பிடிக்காவிட்டால் பழையபடி ஸ்ரீவராகம்.

புதன்கிழமை கேன்டீனுக்குத் தாளோடு வந்தார்.

"பாத்தீரா ஓய்? முப்பது சுற்று ஓட்டினேன். அம்பது பேரும் தரித்திரம்! முதலாளி இல்லை, வட்டி இல்லை, சும்மா கை மாறினதுக்கே இந்த கதி. நம்ம ஊர்லே இதைப் பறஞ்சா ஹாலே எழுந்து நிக்கும்."

தாளை வாங்கிப் பார்த்தேன். ஏழு, பதினொன்று, ஒன்பது, நாலு, பதின்மூன்று. வரிசை முழுக்க அப்படித்தான்.

"இருபத்தோரு ரூபா வச்சிண்டிருக்கறவன் யாரு?" என்று கேட்டேன்.

"ஒருத்தனும் இல்லை. அதானே சொல்றேன்."

"எல்லார் கையிலேந்தும் போயிருக்கு. யார் கைக்குப் போச்சு?"

"உம்ம பாக்கெட்டுக்கு. சாப்பிடும் ஓய், தயிர் புளிக்கறது."

அவர் போன பிறகு பென்சிலால் கூட்டினேன். நானூற்று ஐம்பத்து நாலு. ஆயிரம் இருக்க வேண்டும்.

சாயங்காலம் டெர்மினல் அறையில் அவருடைய ஒரு வரியைக் குறி குறியாகப் பிரித்துப் பார்த்ததில் புரிந்தது. கொடுத்தவர்களிடமிருந்து ஒவ்வொரு ரூபாயும் ஒழுங்காகக் கழிந்தது. ஆனால் இரண்டு பேர் ஒரே ஆளுக்குக் கொடுத்தால், இயந்திரம் அவனுடைய பத்தொன்பதோடு ஒன்று சேர்த்து இருபது என்று எழுதும். மறுபடியும் அதே பழைய பத்தொன்பதோடு ஒன்று சேர்த்து, அதன் மேலேயே இருபது என்று எழுதும். வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் செய்கிற மொழியில்தான் இப்படி நடக்கும். இரண்டாவது ரூபாய் எங்கேயும் போகவில்லை. இல்லாமலே ஆகிவிட்டது. எவனும் சுற்றுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் வாங்க முடியாத உலகத்தில் எவன் பணக்காரன் ஆவான்?

கரமனை பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு மற்றக் கணக்கைப் போட்டேன். நான் சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அந்தப் பேராசிரியர் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார். ஃபெல்லோஷிப் போகும். நண்பர் இங்கேயே இருப்பார், கடைசி மேஜையும் இருக்கும். சொன்னால் அவர் போய்விடுவார். எவ்வளவு தடவை போட்டாலும் விடை மாறவில்லை. நான் இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது.

மறுநாள் சொன்னேன். நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐந்நூற்று நாற்பத்தாறு ரூபாய் யார் கையிலும் இல்லாமல் இருப்பது என்னால் தாங்க முடியாததாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர் முகம் செத்துப்போயிற்று. "இதை நேத்தே பறஞ்சிருக்கப்படாதோ?" என்றார். அப்புறம் எச்சில் கையோடு எழுந்தார். "வாரும் ஓய், வந்து உக்காரும்."

சாயங்காலம் வரை டெர்மினல் முன்னால் இரண்டு பேரும் இருந்தோம். ஐம்பதுக்கு ஐம்பது கட்டம் ஒன்று போட்டு, ஒவ்வொருவனுக்கும் எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று முதலில் எண்ணிவிட்டு, பிறகு சேர்க்கும்படி வரியை மாற்றினோம். இரண்டாயிரம் சுற்று ஓட விட்டோம். கூட்டல் சரியாக ஆயிரம். ஒருவனிடம் எண்பத்து நாலு ரூபாய். மூன்று பேர் கையில் ஒன்றும் இல்லை. பாதிக்கு மேல் இருபதுக்குக் கீழே.

"ஒருத்தன் தப்பும் இல்லை, ஒருத்தன் சாமர்த்தியமும் இல்லை," என்றார் மெதுவாக. "இது அதைவிட மோசமாக்கும், ஓய்!" அவர் என் தோளில் அடித்ததில் என் கண்ணாடி நழுவியது. அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் முதலில் கேட்டதே கூட்டுத்தொகை மாறாமல் இருக்கிறதா என்றுதான். மழைக்காலம் முடிவதற்குள் நண்பருக்கு டிக்கெட் வந்துவிட்டது.

கடைசி நாள் கேன்டீனில் ரசத்தைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "நீர் மட்டும் வாயை மூடிண்டு இருந்திருந்தா நான் இங்கேயே கிடந்திருப்பேன், இல்லையா ஓய்?"

"ஆமாம். சொல்லாம இருந்துடலாமான்னு ஒரு ராத்திரி யோசிச்சேன்."

அவருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஓமக்குத் தமாஷ் வேறே வருமா! இத்தனை வருஷம் எங்கே வச்சிருந்தீர்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கவுன்ட்ஸில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவசரமாக எழுந்து போனார்.

நான் கை கழுவிவிட்டு வந்தபோது எங்கள் மேஜையில் லைப்ரரியைச் சேர்ந்த இரண்டு பேர் உட்கார்ந்து பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் டம்ளர்களை ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார்கள்.