ராஜாவை நடக்க விடுபவர்

இரண்டாம் நகர்வை வைத்ததும் ஆக்னஸ் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். கல்லில் கிடக்கும் தோசையைத் திருப்பிப் போட்டு, வேகும்வரை நின்று, எடுத்துத் தட்டில் வைத்து, அடுத்த கரண்டி மாவை ஊற்றிவிட்டுத் திரும்பி வரும்போதும் கணினித் திரையில் எதிராளியின் கடிகாரமே ஓடிக்கொண்டிருக்கும். உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். "யோசிக்கட்டும், யோசிக்கட்டும். இன்னொரு தோசைக்கு நேரம் இருக்கு" என்பார்.

அப்படி யோசிக்க வைப்பது அந்த நகர்வுதான். சதுரங்கம் பழகிய எவரும் முதல் வேலையாக ராஜாவை ஒரு மூலையில் பத்திரப்படுத்துவார்கள். ஆக்னஸோ முதல் நகர்வில் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். இரண்டாம் நகர்வில், காலியான இடத்துக்கு ராஜாவையே ஓரடி முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். படை முழுவதும் உறங்கிக்கொண்டிருக்க, மன்னர் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியது போல் இருக்கும். ஆளுக்குப் பதினைந்தே நிமிடம் கொண்ட விரைவாட்டம் அது. இத்தகைய அசட்டுத்தனத்துக்கு உடனடித் தண்டனை ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று எதிராளி தேடத் தொடங்குவார். சராசரியாக இரண்டு நிமிடம் நாற்பது நொடி தேடுகிறார்கள் என்பது ஆக்னஸ் நான்கு ஆண்டுகளாகக் குறித்துவைத்து அறிந்த உண்மை.

ஆட்டத்தின் ஓரத்தில் செய்திகளும் வந்து விழும். உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று ஒரு பிரேசில்காரர் பரிவோடு விசாரித்திருக்கிறார். மவுஸ் பழுதா, கை வழுக்கிவிட்டதா என்று போலந்துக்காரர் ஒருவர் கேட்டார். எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒரே பதிலைத் தட்டுவார் ஆக்னஸ்: ராஜா நடக்கப் போயிருக்கிறார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "கை வழுக்குதாம்லா! இருபத்தேழு வருசமா மைக்ரோமீட்டர் பிடிச்ச கை. நான் வைக்கது எல்லாம் நெனச்சு வைக்கதுதான்" என்பார்.

மைக்ரோமீட்டர் பிடிப்பது பாலாநகர்ப் பக்கமுள்ள மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில். கடைசலாகி வரும் உலோகப் பாகங்களை அளந்து பார்த்து, மயிரிழை பிசகியிருந்தாலும் சிவப்புச் சீட்டுக் கட்டித் திருப்பி அனுப்பும் ஆய்வுப் பிரிவு அவருடையது. இயந்திரத்தில் நிற்கும் தெலுங்குத் தொழிலாளர்கள் அவரை 'எர்ர சீட்டி மேடம்' என்கிறார்கள். சிவப்புச் சீட்டம்மா என்று பொருள். அங்கே ஆய்வுத்தாளில் எதையும் அழித்து எழுதக் கூடாது. தவறாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். இந்த விதியை ஆக்னஸ் வீட்டு மளிகைப் பட்டியலிலும் கடைப்பிடிக்கிறார். ரைத்து பஜார் என்னும் உழவர் சந்தையில் வெண்டைக்காயின் நுனிகளை அவர் ஒவ்வொன்றாக ஒடிக்கத் தொடங்கினால், கடைக்காரம்மா தூரத்திலிருந்தே "நக்கோ மேடம், நக்கோ!" என்று, வேண்டாமெனக் கையெடுத்துக் கும்பிடுவாள்.

சொந்த ஊர் தூத்துக்குடி. மணமாகி வந்து குகட்பள்ளி வீட்டுவசதிக் குடியிருப்பில் குடியேறிய பின்பும் பேச்சில் உப்புக்காற்று குறையவில்லை. கணவர் ஜெயச்சந்திரன் வங்கி ஊழியர். சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். மகள் ஷெரினுக்குக் கச்சிபௌலியில் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. பிழை கண்டுபிடிக்கும் இருவருக்கு நடுவே தாம் ஒருவர் குடியிருப்பதாக ஜெயச்சந்திரன் விருந்தினரிடம் சொல்லிக்கொள்வார்.

ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் நீள நோட்டில் எழுதி, சிவப்பு–நீலப் பென்சிலால் மதிப்பிடுவது ஆக்னஸின் வழக்கம். பிழைக்குச் சிவப்பில் கேள்விக்குறி. நல்ல நகர்வுக்கு நீலத்தில் ஓர் ஆச்சரியக்குறி. அபாரமான நகர்வுக்கு இரண்டு. இரண்டு குறி பெற்ற நகர்வு நான்கு ஆண்டுகளில் ஒன்றே ஒன்று. 2009 அக்டோபரில் நடந்த ஓர் ஆட்டத்தின் முப்பத்தோராம் நகர்வு அது. எதிராளியின் சிப்பாய் வாய்க்கு நேரே தம் யானையைக் கொண்டுபோய் வைத்தார். எதிராளி ஆசையோடு வெட்டினார். வெட்டிய அந்தச் சிப்பாய்தான் அதுவரை அவருடைய ராஜாவின் வாசலைக் காத்து நின்றது. அடுத்த இரண்டே நகர்வில் அந்த ராஜா மடிந்தது. மறுநாள் தொழிற்சாலைப் பேருந்து முழுவதும் இந்த யானையின் தியாகம் பேசப்பட்டது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பேசப்பட்டது. வெண்டைக்காய் விற்பவளிடமும் பேசப்பட்டது.

அந்த வாரமே, அவர் ஆடும் சதுரங்க இணையதளத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் நகர்வில் ராஜாவை வெளியே விட்டுவிட்டு இப்படி வெல்வது மனிதரால் ஆகாது; இவர் கணினியைப் பார்த்து ஆடுகிறார் என்று தோற்றவர் புகார் செய்திருந்தார். ஏழு நாள்களுக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் கணக்கு மூடப்படும். ஏமாற்றுக்காரர் என்ற குறிப்பு பெயருக்கு எதிரே நிலைத்திருக்கும்.

"ஊர் சாமானுக்கெல்லாம் சிவப்புச் சீட்டு கட்டுனேன். எனக்கே கட்டிட்டான் பாருங்க" என்று நாற்காலியில் அமர்ந்துவிட்டார் ஆக்னஸ். அன்று தோசை இல்லை.

வழியைச் சொன்னவள் ஷெரின். "ஸிம்பிள் மா. கம்ப்யூட்டர் ஆடுனா தப்பே வராது. நீ எவ்ளோ தப்பு ஆடுனேன்னு நாம லிஸ்ட் போட்டுக் காட்டலாம்."

அலசல் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஆட்டத்தை ஒரு சதுரங்க மென்பொருளில் ஏற்றி ஷெரின் உரக்கப் படித்தாள். ஜெயச்சந்திரன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

"நைன்... சின்னத் தப்பு. ஃபோர்ட்டீன், ப்ளண்டர்!"

"தோத்திரம் ஆண்டவரே!" என்று குதூகலித்து எழுதினார் ஜெயச்சந்திரன்.

"எதுக்குத் தப்பு? அது தப்பில்ல. கொஞ்சம் சுத்தி வந்தேன், அவ்வளவுதான்" என்றார் ஆக்னஸ்.

"சிக்ஸ்டீன். அம்மா, இதி கூட தப்பே!"

"அந்த மெஷினுக்கு என்னட்டி தெரியும்?"

"ஏட்டி, நீ தப்பு செஞ்சாத்தான் தப்பிக்க முடியும். சண்ட போடாம ஒத்துக்கோ" என்று கெஞ்சினார் கணவர்.

அதற்குப் பிறகுதான் ஆய்வுப் பிரிவு விழித்துக்கொண்டது. தமது ஆட்டமாயிற்றே என்ற பாசம் விலகி, அடுத்த இயந்திரத்திலிருந்து வந்த பாகம் போல் ஆக்னஸ் அதை நோக்கலானார். மூக்குக்கண்ணாடி மாறியது. பென்சிலின் சிவப்பு முனை சீவப்பட்டது. மென்பொருள் வாய் திறக்குமுன் அவரே பிழை சொல்லத் தொடங்கினார். "பதினேழையும் எழுதுங்க. அது மெஷினுக்குத் தெரியாது. குதிரைய அங்கன வைக்கும்போது நான் குக்கர் விசில எண்ணிட்டு இருந்தேன். இருபத்தி ரெண்டு, ராணி சும்மா நிக்கா. இருபத்தி நாலு, வெக்கக்கேடு!" ஒவ்வொரு பிழைக்கும் மூவரும் கைதட்டினார்கள். பக்கத்து வீட்டார் கிரிக்கெட் நடப்பதாக நினைத்துத் தொலைக்காட்சியைப் போட்டுப் பார்த்தார்கள். பன்னிரண்டு பிழைகள் தேறின. இவ்வளவு மோசமாக ஆடியிருப்பதை எண்ணி அந்த வீடு இப்படி மகிழ்ந்ததில்லை.

முப்பத்தொன்று வந்தது. ஷெரின் சிரிப்பை நிறுத்தினாள்.

"அம்மா, இது பெர்ஃபெக்ட். கம்ப்யூட்டரோட ஃபர்ஸ்ட் சாய்ஸே இதுதான்."

ஜெயச்சந்திரன் பேனாவை மூடினார். "இந்த ஒண்ணு போதுமே அவன் சந்தேகப்பட. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு ரெண்டு வரி சொல்லு, எழுதிருவோம்."

ஆக்னஸ் அடுக்களைக்குப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை. வெறுங்கல்லைத் துணியால் துடைத்தார். இன்னொரு முறையும் துடைத்தார். திரும்பி வந்து, நாற்காலியில் உட்காராமலே சொன்னார்.

"எழுதுங்க. யானைய ஓரத்துக்குக் கொண்டுபோவோம்னுதான் இழுத்தேன். ஒரு கட்டம் முன்னாலயே கை விட்டுட்டு."

"என்னது?"

"கை வழுக்கிட்டுங்கேன். போச்சேன்னு நெஞ்சப் பிடிச்சுட்டு இருந்தேன். அவன் வெட்டின பொறவுதான் வாசல் தெறந்து கிடக்கதே எனக்குத் தெரியும்."

ஷெரின் கட்டிலில் விழுந்து புரண்டாள். ஜெயச்சந்திரனுக்குச் சிரிப்பில் புரையேறி, கண்ணில் நீர் வந்தது. "ரெட்ட ஆச்சரியக்குறி போட்டியே! பஸ்ஸு பூரா சொன்னியே! வெண்டைக்காக்காரிய கூட விடலயே!"

"சிரிங்க, சிரிங்க. கம்ப்யூட்டருக்குக் கை வழுக்காதுல்லா? அதையும் சேத்து எழுதுங்க."

எழுதினார்கள். ஆய்வு அறிக்கையின் அதே வடிவில், வரிசை எண், நகர்வு, குறைபாடு, காரணம் என்று நான்கு பத்திகளாகக் கட்டம் போட்டுப் பதில் சென்றது. பதின்மூன்றாம் வரியின் காரணப் பத்தியில் 'கை வழுக்கல்' என்றிருந்தது. கீழே ஆக்னஸ் தம் பெயரோடு பதவியையும் எழுதினார். பதவி எதற்கு என்று கணவர் கேட்டதற்கு, "கையெழுத்து போட்டா பொறுப்பு யாருன்னு தெரியண்டாமா?" என்றார்.

நான்காம் நாள் பதில் வந்தது. புகார் தள்ளுபடி, கணக்குத் தொடரலாம். தம் மீதே இத்தனை குறைகளைச் சான்றோடு நிறுவிய ஒருவரை இதுவரை கண்டதில்லை என்று கீழே ஒரு வரியைச் சேர்த்திருந்தார் புகாரை விசாரித்த அலுவலர். மறுநாள் காலை, பேருந்தில் ஏறியதும், அமருமுன்பே, யானையின் தியாகத்தைப் பற்றிய திருத்தத்தை ஆக்னஸ் அனைவருக்கும் அறிவித்தார். பாலாநகர் வரை சிரிப்பு அடங்கவில்லை. அவருடையது கடைசியாக அடங்கியது.

மாலை ஆறேகாலுக்குக் கணினியைத் திறந்தார். சிப்பாய் இரண்டு கட்டம், ராஜா ஓரடி. எதிராளியின் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அடுக்களைக்குப் போகுமுன் நீள நோட்டை எடுத்துப் பழைய பக்கத்தைப் புரட்டினார். முப்பத்தோராம் நகர்வுக்கு எதிரே இரண்டு நீல ஆச்சரியக்குறிகள் நின்றன. ஒன்றின்மேல் நேராக ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட்டார். பென்சில் இரண்டாவதன் தலைக்கு மேல் வந்து சற்று நேரம் நின்றது. பிறகு அதைக் கொண்டையில் செருகிக்கொண்டு, தோசையைத் திருப்பப் போனார்.