அண்ணி கேட்ட மொழி

என் பச்சைக் கோப்பில் பதினோரு தாள்கள் இருக்கின்றன. கோத்திருக்கும் குண்டூசி துருப்பிடித்துவிட்டது. எல்லாம் ஒரே மாதிரியான விண்ணப்பப் பாரங்கள், மலாயில் அச்சடித்தவை. ஒவ்வொன்றிலும் இரண்டே கேள்விகள். எந்த அயல்மொழியைக் கற்க விரும்புகிறீர்கள்? ஏன்? மேலே இருப்பது அண்ணியின் பாரம். முதல் கட்டத்தில் ‘ஜப்பான்’ என்று தமிழில் எழுதியிருக்கிறார். இடம் போதாமல் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய் நிற்கிறது. இரண்டாவது கட்டத்தில், ‘சம்பந்தியம்மாகிட்ட பேச.’

இந்தப் பதினோரு தாள்களும் என்னிடம் இருக்கக் கூடாதவை. இவை போய்ச் சேர வேண்டிய இடத்தில் நான் இவற்றைச் சேர்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கோலா சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக இருந்தேன். தோட்டத்து மக்களுக்கு எழுத வேண்டியது எதுவானாலும் என் மேசைக்குத்தான் வரும். அவர்கள் வாயால் சொல்வார்கள், நான் எழுதுவேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். சொன்னதை அப்படியே எழுதினால் துரை மதிக்க மாட்டார் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் திருத்துவேன். தம்பியோடு சண்டை, வேறு லயத்துக்கு வீடு மாற்றிக் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டால், கூரை ஒழுகுகிறது என்று எழுதுவேன். பந்தாட்டம் பார்க்க விடுப்புக் கேட்டார், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவர். நான் அவருடைய மாமியார் இறந்துவிட்டதாக எழுதினேன். மறுநாள் காலை அந்த மாமியாரே ஆபீசுக்கு வந்து, பால்மரப் பட்டை போன்ற தன் கையை என் மேசை மேல் வைத்து, “கிராணியாரே, என்னைய எப்ப அடக்கம் பண்ணீங்க? தேதி சொன்னா நானும் வருவேன்ல?” என்று கேட்டார். ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். பாடம் மட்டும் கற்கவில்லை.

அண்ணி என்றால் என் மூத்த அண்ணனின் மனைவி. அதே தோட்டத்தில் ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். தாய்மார்கள் விடியற்காலையில் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை அவரிடம் விட்டுப் போவார்கள். இருபது தொட்டில் ஒரே நேரத்தில் ஆடும். அண்ணன் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே மகனை அண்ணி தனியாக வளர்த்து, பொறியியல் படிக்க வைத்து, ஜப்பானுக்கு வேலைக்கு அனுப்பினார். தோட்டம் கைமாறியபின் நாங்கள் எல்லாரும் அசாம் ஜாவாவில் ஒரே வரிசை வீடுகளுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே என்னைக் கிராணியார் என்று கூப்பிட ஆளில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற பெயர் மட்டும் இருந்தது. அது எனக்குப் போதவில்லை.

அண்ணன் மகன் ஒருநாள் தொலைபேசியில், ஜப்பானியப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அண்ணி என்ன சொல்வாரோ என்று நாங்கள் பயந்திருந்தோம். அவர் கேட்டது ஒரே கேள்வி. “பொண்ணோட அம்மா எப்படிடா?” அந்தம்மாவும் கணவரை இழந்தவர், ஒரே மகளை மீன் கடையில் வேலை பார்த்து வளர்த்தவர் என்று மகன் சொன்னதும் அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. என்னிடம் வந்து, “தம்பி, நானும் ஒத்தை ஆளா வளத்தேன், அவங்களும் ஒத்தை ஆளா வளத்தாங்க. எங்க ரெண்டு பேருக்கும் பேச எவ்ளோ இருக்கு தெரியுமா? கல்யாணத்தன்னிக்கு ஊமை மாதிரி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்க முடியாது” என்றார். கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊர் மண்டபத்துப் பொறுப்பாளரான மலாய்ப் பெண்மணி, பெரியவர்களுக்கு அயல்மொழி வகுப்பு நடத்தப்போவதாக அறிவித்தார். ஒரு மொழிக்குப் பத்துப் பேர் சேர்ந்தால் ஆசிரியர் ஏற்பாடு செய்வார்கள். பாரங்களைக் கொடுத்து, நிரப்பி வாங்கித் தரும் வேலை செயலாளரான எனக்கு வந்தது.

அண்ணி வீடு வீடாகப் புறப்பட்டார். பாதிப் பேர் அவர் தொட்டிலில் தூங்கியவர்கள். லோரி ஓட்டுபவன் ஒருவன் நழுவப் பார்த்தான். “என்னாத்துக்குக்கா எனக்கு ஜப்பான் பாஷை?” என்றான். “உன் லோரி ஜப்பான் லோரிதான? நடு ரோட்டுல நின்னா தமிழ்ல திட்டுறியே, அதுக்கு எப்படிடா புரியும்?” என்றார் அண்ணி. அவன் பாரத்தில் அதையே காரணமாக எழுதினான். முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய், ஆற்றங்கரையில் இரவில் மின்மினி பார்க்க வரும் ஜப்பான்காரர்கள் தன் கடையைத் தாண்டிப் போவதாகக் குறைபட்டு, “வாங்க உக்காருங்கன்னு கூப்பிடத் தெரிஞ்சா போதும்கா, மிச்சத்தை ரொட்டி பேசும்” என்று கையெழுத்துப் போட்டார். நாடகம் பார்த்து கொரிய மொழி மேல் பைத்தியமாக இருந்த ஒரு பெண்ணை, “கொரியாவும் ஜப்பானும் அண்டை வீடுதாம்மா, முதல்ல இந்த வீட்டுக்கு வா லா” என்று இழுத்துவிட்டார். நான்கே நாளில் பதினோரு பாரங்கள். அவற்றை என் கையில் கொடுத்தபோது அண்ணிக்கு மூச்சு வாங்கியது. “நல்லாப் பாத்து அனுப்புங்க தம்பி. நீங்க அனுப்பினா சரியா இருக்கும்” என்றார்.

நான் வழக்கம்போல் ஒரு பட்டியல் தயார் செய்தேன். கைப்பட எழுதிய பாரங்கள் அழகாக இல்லை, சில தமிழில் இருக்கின்றன, தட்டச்சுப் பட்டியல்தான் முறை என்று சொல்லிக்கொண்டேன். பெயர்களை அடித்தேன். மொழி என்ற பத்தி வந்ததும் கை நின்றது. இந்த வயதில் இவர்களுக்கு ஜப்பான் மொழி எதற்கு, ஆங்கிலம் என்றால் ஆயுளுக்கும் உதவுமே என்று தோன்றியது. பதினோரு பெயருக்கும் நேராக ஆங்கிலம் என்று அடித்தேன். அவர்கள் நன்மைக்கு என்றுதான் அப்போது நினைத்தேன் என்று இங்கே எழுதி முடித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதியையும் சொல்கிறேன். ஆங்கில வகுப்பு என்றால் வெளியாள் தேட மாட்டார்கள், என்னைத்தான் ஆசிரியராக்குவார்கள் என்று பொறுப்பாளர் ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார். மறுபடியும் ஒரு மேசை, எனக்கு எதிரே வரிசையாக மனிதர்கள். அந்த ஆசையில்தான் அடித்தேன்.

ஜப்பான் வகுப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று அண்ணியிடம் சொன்னேன். கையில் இருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு, “போகட்டும். அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாமலா இருக்கும்? நீங்களே சொல்லிக் கொடுங்க” என்றார். முதல் வரிசையில் முதல் நாற்காலி அவருடையது. ஐந்து மாதம் ஒரு வகுப்பும் தவறவில்லை. சம்பந்தியை வரவேற்க ஒரு வாக்கியம் எழுதித் தரச் சொன்னார். நான் துரைமார்களுக்குக் கடிதம் எழுதிய ஆங்கிலத்தில், ‘தங்கள் பயணம் இனிதாக அமைந்திருக்கும் என்று நம்புகிறேன், அம்மையீர்’ என்ற பொருளில் ஒன்று எழுதிக் கொடுத்தேன். மீன் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பகலில், பந்தல் போட்ட வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. சாம்பல் நிறச் சட்டையில், அண்ணியைவிடக் குள்ளமான ஓர் அம்மாள் இறங்கினார். அண்ணி ஆரத்தித் தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, புடவையைச் சரிசெய்து, என் வாக்கியத்தை ஒரு பிசகும் இல்லாமல் சொல்லி முடித்தார். அந்த அம்மாள் குனிந்து வணங்கினார். அண்ணி மறுபடியும் சொன்னார். அவர் இன்னும் தாழக் குனிந்தார். பதிலுக்கு அண்ணியும் குனிய, அவர் மேலும் குனிய, பந்தலே சிரித்தது. அப்போது மணப்பெண் ஓடிவந்து தனக்குத் தெரிந்த மலாயில், “அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது அத்தை” என்றாள். அண்ணி சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சேர்த்து வைத்த ஐந்து மாதமும் அந்தக் கண்ணிலிருந்து இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

மறுநாள் விருந்தில் அடுத்தது நடந்தது. அழைப்பின் பேரில் வந்திருந்த மண்டபப் பொறுப்பாளர், இலையில் உட்கார்ந்தபடி அண்ணியிடம் மலாயில் கேட்டார். “அக்கா, ஜப்பானில் படித்த ஆசிரியை எங்களிடம் தயாராக இருந்தாரே! உங்கள் பகுதியிலிருந்து ஒருவர்கூட அந்த மொழியைக் கேட்கவில்லையே, ஏன்?” நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பிறகு பொறுப்பாளர் பக்கம் திரும்பி மலாயிலேயே, “நான்தான் கேட்க மறந்துவிட்டேன்” என்றார். “தம்பி, அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்று என்னிடம் சொன்னார்.

அந்தப் பாயச வாளி என் கையில் கனத்தது போல் ஆயுளில் எதுவும் கனத்ததில்லை.

விருந்தாளிகள் போனபின், ஒரு காலை நேரத்தில், பதினோரு பாரங்களையும் எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். அவர் வாடகை நாற்காலிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். செய்ததைச் சொன்னேன். ஆசிரியராக ஆசைப்பட்டதையும் சொன்னேன். அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பாரங்களை வாங்கி, ஒவ்வொன்றாக வாசித்தார். லோரிக்காரனின் காரணத்தைப் படித்ததும் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்தபின் பாரங்களை என்னிடமே திருப்பிக் கொடுத்துச் சொன்னார். “நீங்க எழுதினா நல்லாத்தான் இருக்கும் தம்பி. நாங்க கேட்டதுதான் அதுல இருக்காது.”

மன்னித்துவிடுங்கள் அண்ணி என்றேன்.

“என்கிட்ட தமிழ்ல கேட்டாச்சு, சரி. அங்க ஒரு அம்மா மூணு நாளு என் பக்கத்துல உக்காந்து, பேச வாயில்லாம என் கையையே தடவிக்கிட்டு இருந்துச்சு. அவங்களுக்கு யாரு பதில் சொல்றது? அவங்க பாஷையில கேளுங்க. அதான் உங்களுக்குத் தண்டனை.”

அடுத்த சுற்றில் ஜப்பான் வகுப்புத் தொடங்கியது. பழைய பதினோரு பேரும் வந்தார்கள். பன்னிரண்டாவது ஆளாக நான், கடைசி நாற்காலியில். ஆசிரியை இளம் மலாய்ப் பெண். அண்ணி ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழியில் தானே படித்தார். பார்த்த பொருளையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்வார். கடைப் பாய் நாற்காலியைத் துடைக்கும்போதெல்லாம் ஜப்பானியர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். ஜப்பானியர் யாரும் இல்லாதபோது எங்களையே அந்த மொழியில் கூப்பிட்டார். முதல் தேர்வில் அண்ணி வகுப்பில் முதல். நான் தோற்றேன். “கிராணியாருக்குத் திருத்த ஆளு வேணுமா?” என்று லோரிக்காரன் கேட்டான். பல வருடம் கழித்து ஒருவன் என்னைக் கிராணியார் என்று கூப்பிட்டிருக்கிறான். நான் சந்தோஷத்தோடுதான் ஆமாம் என்றேன்.

சென்ற மாதம் அண்ணி ஜப்பானுக்குப் போனார், மருமகளின் பிரசவத்துக்கு. போன ஞாயிற்றுக்கிழமை காலை அவரே காணொளியில் அழைத்தார். திரையில் இரண்டு சம்பந்திகளும் ஒரே போர்வைக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் பேரக்குழந்தை. அண்ணி ஏதோ சொல்ல அந்த அம்மாள் அவர் தோளில் அடித்துச் சிரித்தார். நான் தேய்த்த சட்டை போட்டுத் தயாராக இருந்தேன். மாதக்கணக்கில் மனனம் செய்த நான்கு வாக்கியங்களை, தாளைப் பார்க்காமல், என் தவறையும் அதன் காரணத்தையும் மன்னிப்பையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, கடைசிவரை கேட்டார்.

பிறகு பேசத் தொடங்கினார். இரண்டு நிமிடம் இருக்கும். இடையில் ஒருமுறை கண்ணைத் துடைத்தார், ஒருமுறை விரலை நீட்டி என்னை மிரட்டினார், முடிவில் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினார். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

“என்னா அண்ணி சொல்றாங்க?” என்றேன்.

“எல்லாம் எனக்குப் புரிஞ்சுது” என்றார் அண்ணி. “ஆனா நான் எடுத்துச் சொன்னா கொஞ்சம் திருத்திச் சொல்லிடுவேன் தம்பி. நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்குங்க.” இருவரும் சேர்ந்து சிரிக்கும் சத்தத்தோடு திரை அணைந்தது.

நேற்று மண்டபத்தில் இரண்டாம் நிலை வகுப்புக்குப் பாரம் கொடுத்தார்கள். அதே பாரம், அதே இரண்டு கேள்விகள். பட்டியல் தயாரிக்கவில்லை. மற்றவர்களின் பாரங்களை அவரவர் கையாலேயே பெட்டியில் போடச் சொன்னேன். என்னுடையதை நிரப்ப அண்ணியின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஜப்பான் என்று தமிழில் எழுதினேன். என் கடைசி எழுத்தும் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. ஏன் என்ற கட்டத்தில், எதையும் திருத்தாமல் எழுதினேன்: ‘சம்பந்தியம்மா என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை.’