நனையாத பிளாஸ்டர்

கண்டியில் பேஸ்மேக்கர் வைக்கக் குறித்திருந்த நாளன்று காலை, ஹாஜியாருக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு வந்தது கோபம்.

மாத்தளையில் இதய வார்டில் நெடுங்காலம் தாதியாக இருந்தவள் நான். ஹாஜியார் கலேவெலயில் வெங்காய வியாபாரி. துடிப்பு நின்று நின்று போனதால், கழுத்திலுள்ள இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் ஒரு வயரை விட்டு, வெளியே துடிப்பைத் தூண்டும் ஒரு பெட்டியில் மாட்டியிருந்தார்கள். டெம்பரரி பேஸிங் என்போம். பெட்டி வெளியே இருப்பதால் அதுதான் பாதுகாப்பு என்று சனங்கள் நினைப்பார்கள். உண்மை நேர்மாறு. வயர் தோலுக்குள் நுழைகிற இடம் திறந்த கதவு. கிருமி அதைப் பிடித்துக்கொண்டு நேரே இதயத்துக்குப் போகலாம். நாள் கூடக்கூட ஆபத்தும் கூடும். அதனால்தான் நிரந்தரப் பெட்டியைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்து மூடுகிறார்கள். இரத்தத்தில் கிருமி இருந்தால் அதிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், காய்ச்சல்காரருக்கு வைக்கமாட்டார்கள்.

கழுத்தைப் பார்த்தேன். வயர் நுழையும் இடத்தை மூடி ஒட்டியிருந்த பிளாஸ்டரின் ஓரமெல்லாம் சுருண்டு, வயரைச் சுற்றிச் சிவந்திருந்தது.

"ஹாஜியார், தண்ணி படக்கூடாதுன்னு சொன்னேன் இல்லையா?"

"படவே இல்ல மிஸ். தொழுகைக்கு ஒளு எடுக்கிற நேரமெல்லாம் பிளாஸ்டர கழட்டி வெச்சிட்டுத்தான் மொகம் கழுவினேன். பொறகு அப்படியே ஒட்டிட்டேன். தொட்டுப் பாருங்க, நனையல்ல."

தொட்டுப் பார்த்தேன். நனையவில்லைதான்.

கண்டிப் பயணம் நின்றது. இரத்தம் பரிசோதனைக்குப் போனது, ஊசி மருந்து தொடங்கியது. டாக்டர் கழுத்தின் மறுபக்கத்தால் புதிய வயரை விட்டுப் பழையதை எடுத்தார். அது முடியும்வரை மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. ஹாஜியாரின் மகன் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டுவந்தார். தொழுகைக்கு நோயாளி தண்ணீரில்லாமலே சுத்தம் செய்துகொள்ளும் முறை ஒன்று இருக்கிறதாம்.

காய்ச்சல் விட்டு, இரத்தத்தில் கிருமி இல்லையென்று உறுதியான பிறகே நிரந்தரப் பெட்டி வைத்தார்கள்.

தையலைக் காட்ட ஹாஜியார் மனைவியோடு எங்கள் கிளினிக்குக்கு வந்தார். காயம் சுத்தமாக மூடியிருந்தது.

"இனி கழட்ட ஒண்டுமில்ல மிஸ்," என்றார்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உள்ளே வைத்த பெட்டியைச் சுற்றிக் கிருமி புகுந்தால் பெட்டி, வயர் எல்லாவற்றையும் எடுக்க வேண்டிவரும். வழக்கமாக "ஒண்டும் பூசாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அன்று முதல்முறையாக வேறுவிதமாகக் கேட்டேன். இளைய தாதிகளுக்கு நான் விட்டுச்செல்வதும் அந்த ஒரு கேள்வியைத்தான்.

"வீட்டுக்குப் போய் இந்தக் காயத்துக்கு என்ன செய்யப் போறீங்க?"

ஹாஜியார் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஹேண்ட்பேக்கைத் திறந்து, ஒரு எண்ணெய்ப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

"காயம் ஆற காலையும் மாலையும் தடவச் செல்லி பக்கத்து வீட்டுல தந்தாங்க மிஸ்."