கொதிக்க வைத்த நல்ல கிருமி

பல்லைப் பிடுங்குவது ஒரு பெரிய வேலையா என்ன, பிடுங்கின குழி மூடுகிறவரைக்கும்தான் எங்களுக்குத் தூக்கம் கெடும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, பக்கத்தில் நிற்கும் பல் டாக்டர்களான எங்கள் வலியையும் கொஞ்சம் கேளுங்கள்.

சொல்லாத மாத்திரை

எங்கள் தீவில், டெலானிபூர் மேட்டில் என் கிளினிக். ஷாதிபூர் சரோஜா அக்காவுக்குக் கடைவாய்ப்பல் எலும்புக்குள் புதைந்து சீழ் பிடித்திருந்தது. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார். அறுத்து எடுத்துத் தையலும் போட்டாயிற்று. மறுநாள் வந்து சாவகாசமாகச் சொல்கிறார், எலும்புப்புரைக்கு வருஷக்கணக்கில் மாத்திரையாம். எலும்பு பலவீனம் ஒரு பக்கம், அந்த மாத்திரையே சிலருக்குத் தாடைப்புண்ணை ஆறவிடாது என்பது இன்னொரு பக்கம். ஏன் மறைத்தீர்கள் என்று கத்தினேன்.

“பல் டாக்டர்கிட்ட முதுகெலும்பு கதையெல்லாம் எதுக்குன்னு விட்டுட்டேன் டாக்டரம்மா.”

இரண்டு மருந்து

சீழுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தேன். அது வயிற்றைக் கெடுக்காமலிருக்க, நல்ல கிருமி அடங்கிய புரோபயாடிக் பொடியும் கொடுத்தேன். எலும்பு ஆறவும் அது உதவுமா என்று ஆராய்கிறார்கள், இன்னும் நிச்சயமில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கிருமியைக் கொல்ல ஒண்ணு, வளர்க்க ஒண்ணா? முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க!”

கப்பல் சரக்கு

அடுத்த தடவை வந்தபோது ஈறு மூடவில்லை. குழிக்குள் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஆன்டிபயாடிக்கில் வயிறும் போய்க்கொண்டிருந்தது. பொடியை எப்படிக் குடிக்கிறீர்கள் என்றேன். தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்தாராம்! அட கடவுளே, ஒரு கிருமி மிஞ்சியிருக்குமா? புண் ஆறாததற்கு அது காரணமில்லை என்றாலும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அக்காவோ கொஞ்சமும் அசரவில்லை.

“மெயின்லேண்ட்லேருந்து கப்பல்ல வந்தது டாக்டரம்மா, கொதிக்க வைக்காம எங்க வீட்ல எதுவும் உள்ள போகாது.”

போகமாட்டேன்

இப்படியே போனால் சென்னையில் பெரிய ஆபரேஷன் செய்ய வேண்டி வரும் என்றேன். அதற்குத்தான் அக்கா கலங்கினார். வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார், அக்கா கையால் ஊட்டினால்தான் கஞ்சி இறங்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் கப்பல் ஏறினா அவர் வாயைத் திறக்கமாட்டார். என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்றேன். அவ்வளவுதான்.”

மூடியது

செய்தார். கொட்டுகிற மழையிலும் மேடேறி வந்து புண்ணைச் சுத்தம் செய்துகொண்டார். வாய் கொப்பளிப்பதில் ஒருவேளைகூடத் தவறவில்லை. பொடி இப்போது ஆறின தண்ணீரில். நானும் விடவில்லை, வாராவாரம் குழியைக் கழுவி, செத்த எலும்புத் துணுக்குகளை எடுத்தேன். மாதங்கள் ஓடின. ஒருநாள் விளக்கைத் திருப்பிப் பார்த்தால், ஈறு இளஞ்சிவப்பாக முழுசாக மூடியிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“அச்சா, நான் கிளம்பறேன். அவருக்குக் கஞ்சி நேரம்.”

குழியை மூடியது மருந்தா, பொடியா, என் கத்தலா என்று ஆராய்கிறவர்கள் ஆராயட்டும், என்னைக் கேட்டால் ஷாதிபூரில் வாயைத் திறக்காமல் காத்திருந்த அந்த மனுஷருக்குத்தான் நான் ஃபீஸில் பங்கு கொடுக்க வேண்டும்.