அளவு வைக்காத நஞ்சு

எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது பிளாக்கின் மொட்டைமாடிச் சாவி செங்கொடியிடம்தான் இருந்தது. மோட்டார் போடுவதும் டேங்க் கழுவ ஆள் வைப்பதும் அவள் பொறுப்பு. பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. ஆராய்ச்சி மாணவி ஆன்சி வந்து, காற்றைச் சோதிக்க மாடியில் இடம் கேட்டபோது, யாரையும் கலக்காமல் சாவியை நீட்டிவிட்டாள். பிளாக்குக்குப் பின்னால் பழைய டிவி, கம்ப்யூட்டர் உடைக்கும் குடோன் இருந்தது. அங்கே செம்புக்காக ஒயரைக் கொளுத்தினால் இங்கே தொண்டையில் சோறு இறங்காது.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. எதிரெதிராகக் கவிழ்த்த இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள், காற்றில் இருப்பதை உறிஞ்சிப் பிடிக்க நடுவில் வெள்ளை ஸ்பாஞ்சு.

"இன்னா செங்கொடி, கேமரா வெச்சுக்கீறியா?" என்று கீழ்வீட்டுக் கோதண்டம் சண்டைக்கு வந்தார்.

செங்கொடி அதை ஒரு வருடம் காவல் காத்தாள். முடிவோடு ஆன்சி வந்தாள்.

"எப்பவோ தடை செஞ்ச பூச்சிமருந்து இன்னும் காத்துல இருக்குக்கா. லேசுல அழியாது. தீப்பிடிக்காம இருக்கறதுக்கு டிவி பிளாஸ்டிக்ல ஒரு கெமிக்கல் கலப்பாங்க. கொளுத்துறப்ப அதுவும் வெளிய வருது."

செங்கொடி அரைநாள் விடுப்பு போட்டு, அறிக்கையைத் தூக்கிக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி புரட்டிப் பார்த்தார்.

"இதுக்கெல்லாம் காத்துல இவ்வளவுதான் இருக்கலாம்னு நம்மகிட்ட அளவே கிடையாதும்மா. அளவு இருந்தாத்தானே மீறிட்டாங்கன்னு சொல்ல முடியும்?"

"அப்போ எவ்ளோ வேணா வுடலாமா சார்?"

"பூச்சிமருந்துன்னா விவசாயத் துறையில கேளுங்க."

"எர்ணாவூர்ல எங்க சார் வயலு கீது?"

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

புகையையாவது வந்து பாருங்கள் என்று மனு கொடுத்தாள். மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்கள். குடோன் பூட்டிக் கிடந்தது. 'புகை காணப்படவில்லை. மனு முடித்துவைக்கப்பட்டது' என்று போனில் செய்தி வந்தது. வியாழக்கிழமை மறுபடி கொளுத்தினார்கள்.

அடுத்த முறை அவள் வாதாடவில்லை. "அளவு இல்லன்னு சொன்னீங்களே, அதயே எழுதி சீல் வெச்சுக் குடுங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மணிக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள் என்றார்கள். கேட்டாள். ஒரு மாதம் கழித்துத் தபால் வந்தது: 'மேற்படி வேதிப்பொருள்களுக்கு வரம்பு எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை.'

ஜெராக்ஸ் எடுத்துப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினாள். கோதண்டம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"வரம்பு இல்லன்னா, பயப்பட ஒண்ணியும் இல்லன்னுதானே அர்த்தம்?"

செங்கொடிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "குந்து நைனா" என்று அவரைப் படியிலேயே உட்காரவைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். புதிதாக எழுதிய மனுவையும் நீட்டினாள். அதில் ஒரே கோரிக்கை: அளவு வையுங்கள்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். அவள் தன் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.